பழைய மட்டையைப் புதுசாக்கலாமா? அண்ணாச்சி பதில்கள்

பழைய விளையாட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடையும் பழுது பார்க்கும் பட்டறையும் நடத்தும் அண்ணாச்சி இந்த இதழில் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, என் தாத்தா அந்தக் காலத்தில் ஹாக்கி ஆடியவர். அவருடைய ஸ்டிக் பரணில் கிடைத்தது. முகமெல்லாம் கீறல். கைப்பிடிப் பிரம்பில் விரிசல், சுற்றியிருந்த துணி நைந்துபோய்விட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டலாம் என்கிறார் அப்பா. செய்யலாமா?
— வாசகர், கோவில்பட்டி

தம்பி, முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அப்பாவுக்கு அவருடைய அப்பா மேல் இருக்கிற மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் எதை மரியாதை என்று நினைத்து அவர் செய்யப்போகிறாரோ, அதுதான் தாத்தா ஆடிய ஆட்டத்தை அழித்துவிடும்.

ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தில் இருக்கிற குழிகளும் கீறல்களும் பந்து பட்ட இடங்கள். அடிவிளிம்பு தேய்ந்திருந்தால் அது கட்டாந்தரையில் உரசிய தேய்மானம். உங்கள் ஊர்ப் பையன்கள் அப்போதெல்லாம் மண் தரையில்தான் ஆடினார்கள். ஒலிம்பிக் ஹாக்கியே 1976 மான்ட்ரியலில்தான் செயற்கைத் தரைக்குப் போனது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல மல்பெரி மரம் போய் ஃபைபரும் கார்பனும் வந்தன. பிரம்புக் கைப்பிடி வைத்த மர ஸ்டிக், மண் தரை ஹாக்கியின் சாட்சி. அதில் அரை மில்லிமீட்டர் இழைத்தாலும் போனது போனதுதான், யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வார்னிஷும் அப்படித்தான். மரத்தின் துவாரங்களுக்குள் இறங்கிவிட்டால், எடுக்க மறுபடி இழைக்க வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நிறையச் செய்யலாம். மெல்லிய பிரஷ் கொண்டு தூசியைத் தட்டுங்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்து நிழலில் காய வையுங்கள். மரத்தில் பொடித் துளைகள் இருந்தால் ஒரு வெள்ளைத் தாள் மேல் இரண்டு வாரம் கிடத்தி வையுங்கள். புதிதாக மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம், அது வேண்டாம். கறையும் போகாது, வாடையும் போகாது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிற தெரிந்தவர் யாரிடமாவது சொல்லி, அவர் ஃப்ரீசரில் இரண்டு மூன்று வாரம் போட்டு வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தில் ஈரம் பூக்கும். அருங்காட்சியகங்களிலும் பூச்சியை இப்படிக் குளிரவைத்துத்தான் கொல்கிறார்கள்.

பிரம்பு விரிசலுக்கு ஃபெவிகால் வேண்டாம். பழைய ஆசாரிகளிடம் கேட்டால் வச்சிரம் என்று ஒரு பசை சொல்வார்கள், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. அதன் அருமை என்னவென்றால் வெந்நீர் பட்டால் இளகும். நாளைக்கு உங்கள் மகன் இதைவிட நல்ல வழி கண்டுபிடித்தால், நீங்கள் ஒட்டியதைப் பிரித்துவிட்டு அவன் தன் வேலையைச் செய்யலாம். நைந்த துணியை அவிழ்க்காதீர்கள். அதன் மேலேயே வெள்ளைப் பருத்தி நூலைத் தளர்வாகச் சுற்றி முடிச்சிடுங்கள். பார்த்தவுடன் இது புது நூல், உள்ளே இருப்பது பழைய துணி என்று யாருக்கும் தெரியும். அப்படித் தெரிவதுதான் நல்லது.

ஆடுகிற மட்டைக்கு இதெல்லாம் பொருந்தாது. வ.உ.சி. மைதானத்துக்குப் போகிற பையன் உடைந்த பேட்டைக் கொண்டுவந்தால் நான் இழைப்பேன், எண்ணெய் போடுவேன், புதுப் பைண்டிங் சுற்றுவேன், கைப்பிடியையே மாற்றுவேன். அது இன்னும் வேலையில் இருக்கிற மட்டை. உங்கள் தாத்தா ஸ்டிக் ஆடி முடித்துவிட்டது.

எங்கள் பள்ளியில் பழைய சுழற்கோப்பை ஒன்று இருக்கிறது. வெள்ளி நிறம் போய் மஞ்சள் தெரிகிறது. ஜெயித்த அணிகளின் பெயர்கள் தேய்ந்துவிட்டன. ஓர் ஆண்டின் கேப்டன் பெயரில் எழுத்துப் பிழை வேறு. முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி முலாம் பூசி, எல்லாப் பெயர்களையும் புதிதாக வெட்டி, பிழையையும் திருத்திவிடலாம் என்கிறோம். உங்கள் கருத்து?
— முன்னாள் மாணவர், பாளையங்கோட்டை

பணம் திரட்டியதற்கு முதலில் என் வணக்கம். பள்ளிக்கூட அலமாரியில் கரி பிடித்துக் கிடக்கிற கோப்பைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஆனால் கோப்பையைப் பாலீஷ்காரரிடம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

அந்தக் காலத்துக் கோப்பைகளில் பெரும்பாலானவை முழு வெள்ளி இல்லை. பித்தளை மேலோ ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் சில்வர், வெள்ளியே இல்லாத கலப்பு உலோகம்) மேலோ வெள்ளி முலாம் பூசியவை. முலாம் முடியின் கனம்கூட இருக்காது. ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் முந்தின நாள் யாராவது ஒருவர் புளியும் விபூதியும் பிராஸோவும் போட்டுத் தேய்த்திருப்பார். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள், அத்தனை வருஷத் தேய்ப்பு. பெயர்கள் மங்கியதும் அதனால்தான். முலாம் பூசுகிறவர் முதலில் என்ன செய்வார்? பழைய முலாமை நீக்கி, சக்கரத்தில் பிடித்து, மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி ஆக்குவார். மங்கியாவது இருக்கிற பெயர்கள் அந்தச் சக்கரத்தில் போய்விடும். கோயில் தூண்களில் மணல்வீச்சு அடித்துச் சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து போயினவே, அதேதான் இது.

அதனால் முலாம் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மெல்லிய சோப்பு நீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். கை படாமல் இருந்தால் கறுப்பது குறையும். தேய்ந்த பெயர்களை இருட்டு அறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். படித்த பெயர்களையெல்லாம் பழைய பள்ளி மலர்களோடு ஒத்துப்பார்த்து, தனியாக ஒரு பித்தளைத் தகட்டில் வெட்டி, பீடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உறுதிப்படாத பெயர் இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ‘இவராகத்தான் இருக்கும்’ என்று ஊகித்து வெட்ட வேண்டாம். பழைய கட்டடங்களைச் சீரமைப்பதற்கு 1964-இல் வகுத்த வெனிஸ் சாசனமும் இதையே சொல்கிறது: ஊகம் தொடங்குகிற இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும்.

எழுத்துப் பிழைக்கு வருவோம். கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு ஸ்டான்லி கோப்பை என்று ஒன்று இருக்கிறது. 1892-இல் கொடுத்தது. ஜெயித்தவர்கள் பெயரெல்லாம் அதில் வெட்டுவார்கள். 1972-இல் ஜெயித்த பாஸ்டன் அணியின் பெயரில் ‘ஓ’ வரவேண்டிய இடத்தில் ‘க்யூ’ விழுந்தது. 1984-இல் ஜெயித்த அணியின் முதலாளி, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தன் தகப்பனார் பெயரையும் சேர்த்துவிட்டார். அது தெரிந்தபோது, அந்தப் பெயரின் மேல் வரிசையாகப் பெருக்கல் குறி அடித்தார்கள். தப்பு நடந்ததும் தெரிகிறது, தப்பு என்று சொன்னதும் தெரிகிறது. இவ்வளவு நேர்மையான திருத்தம் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் கேப்டன் பெயர் கோப்பையில் பிழையாகவே இருக்கட்டும், பித்தளைத் தகட்டில் சரியாக எழுதுங்கள். அவர் இருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய பெயர், அவருக்குத்தான் முதல் உரிமை. திருத்தியே தீர வேண்டும் என்று அவர் சொன்னால், பழைய எழுத்து தெரியும்படி விட்டு மேலே சிறியதாக வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பீடத்தில் இடம் தீர்ந்துவிட்டால் புதுப் பீடம் செய்வீர்கள். செய்யுங்கள், கோப்பை இன்னும் சுழல்கிறதே, வளரத்தான் வேண்டும். பழைய பீடத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் கோப்பை, ஜூல் ரிமே கோப்பை, அதற்கும் 1954-இல் உயரமான பீடம் மாற்றினார்கள், பெயர் எழுத இடம் போதாமல். 1983-இல் ரியோவில் அந்தக் கோப்பை களவு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் கழற்றி வைத்த பழைய பீடம் 2015-இல் ஃபிஃபாவின் நிலவறையில் கிடைத்தது. முதல் கோப்பையில் இன்று உலகத்துக்கு மிச்சம் அந்தப் பீடம் மட்டும்தான்.

ஒரு பெரிய கிரிக்கெட் வீரர் கையெழுத்துப் போட்ட பேட் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. அதே கோட்டின் மேல் மார்க்கரால் போட்டால் தப்பா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

தப்பு. அந்த நிமிஷத்திலிருந்து அது உங்கள் கையெழுத்து. வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள், ட்யூப்லைட்டுக்கு நேராகவும் மாட்டாதீர்கள். மங்கியது மங்கியபடி இருக்கட்டும்.

சின்ன வயதில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சாரல் ஈரத்தில் ஓரங்கள் உப்பி நைந்துவிட்டன. ஸ்கேலும் பிளேடும் வைத்து மெல்லியதாக நறுக்கினால் புதுசு மாதிரி ஆகிறது. என் பொருள்தானே, நறுக்கினால் என்ன?
— வாசகர், தென்காசி

உங்கள் பொருள்தான். நீங்களே வைத்திருந்து நீங்களே பார்க்கப்போகிறீர்கள் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பொருளுக்கு நம்மைவிட ஆயுசு அதிகம். உங்களுக்கு அப்புறம் அதை எடுக்கிறவருக்கு, அது நறுக்கியது என்று எப்படித் தெரியும்?

உலகத்திலேயே பேர்போன விளையாட்டு அட்டையின் கதையும் ஒரு பிளேடின் கதைதான். ஹோனஸ் வாக்னர் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் படம் போட்ட அட்டை, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்த வரிசையைச் சேர்ந்தது. அதில் ஒன்று மட்டும் மூலை மழுங்காமல், ஓரம் சீராக, ஆச்சரியமாக இருந்தது. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் பார்க்கும் நிறுவனம் 10-க்கு 8 போட்டது. 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. அந்த அட்டையை முன்பு வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஏல மோசடி வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஓரத்தை நறுக்கியது தான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் என்னை உறுத்துவது பணம் இல்லை. அந்த அட்டையைப் பார்த்து, ‘நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாரே’ என்று எத்தனை பேர் வியந்திருப்பார்கள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இன்னொரு வாக்னர் அட்டை, மூலையெல்லாம் தேய்ந்து 10-க்கு 3 மட்டுமே வாங்கியது, 2021-இல் 66 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. நைந்த ஓரம் இழிவு இல்லை. உங்கள் அட்டைகளை இரண்டு உறிஞ்சு தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, உப்பல் தணிகிற வரை விடுங்கள். பிளேடு வேண்டாம்.

அண்ணாச்சி, நான் பழைய தோல் பந்து, மட்டை, கையுறை வாங்கி விற்கிறேன். பிரிந்த தையலைத் தைப்பேன், சாயம் ஏற்றுவேன். எல்லோரும் செய்கிறதுதான். வாங்குகிறவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை பாதியாகிறது.
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், திருநெல்வேலி டவுன்

சொல்ல வேண்டும். விலை பாதியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மீதிப் பாதி, அவருக்குத் தெரியாத ஒன்றுக்காக அவர் கொடுக்கிற பணம். கேட்கவில்லை என்பது பதிலாகாது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் நீங்கள், அவர் இல்லை.

தைப்பதை நான் குறை சொல்லவில்லை. பந்து பிரிந்தே கிடந்தால் தோல் சுருண்டு பாழாகும், தைத்தால் பிழைக்கும். நல்ல கை வேலைக்குக் கூலி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சாயம் ஏற்றுவது என்னால் ஒப்ப முடியாத காரியம். தையல் பந்தைக் காப்பாற்றுகிறது. சாயம் வாங்குகிறவர் கண்ணை மறைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவுவதில்லை. பழைய நூலின் நிறத்துக்கே டீத்தண்ணீரில் தோய்த்துப் புது நூலைப் பழசாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், என்னிடமே அப்படிச் செய்து தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன்.

ஒரு வழி சொல்கிறேன். பொருள் வந்த அன்றே, கை வைப்பதற்கு முன், நாலு பக்கமும் படம் எடுங்கள். என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், எந்த நூல், எந்தப் பசை என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். படமும் சீட்டும் பொருளோடு போகட்டும். முதலில் சில வியாபாரம் கெடும். அப்புறம் ‘இவரிடம் வாங்கினால் சீட்டோடு வரும்’ என்று தேடி வருகிறவர்கள் வருவார்கள். வராவிட்டாலும் சீட்டு எழுதத்தான் வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து, என் அப்பா ஃபுட்பால் ஆடிய காலத்துப் படங்களும் சான்றிதழ்களும் நனைந்துவிட்டன. சில படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் முகத்தைச் சரிசெய்து கலரும் போட்டு, சான்றிதழை லேமினேஷன் செய்து தருகிறேன் என்கிறார்.
— வாசகி, ஸ்ரீவைகுண்டம்

தங்கச்சி, அந்த இரண்டு நாள் உங்கள் ஊர் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. நீங்கள் அந்தக் காகிதங்களை எடுத்து வைத்ததே பெரிய காரியம்.

லேமினேஷனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வழி இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் ஈரமும் பூஞ்சையும் வெளியே வரவும் முடியாது. நம் வீடுகளில் பத்திரப்படுத்துகிறோம் என்று நினைத்து லேமினேட் செய்து கெடுத்த சான்றிதழ்களுக்குக் கணக்கே இல்லை. அதற்குப் பதில், ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பயன்படுத்துவார்களே, அந்தப் பாலியஸ்டர் ஷீட் இரண்டை எடுத்து, நடுவே சான்றிதழை வைத்து, காகிதத்தில் படாமல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் சரிசெய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. அசலில் கை படவில்லையே. வெள்ளத்தில் அழிந்த அப்பாவின் முகத்தை மறுபடி பார்க்க நினைப்பதை யார் குறை சொல்ல முடியும்? இரண்டு நிபந்தனை மட்டும். சரிசெய்த பிரதியின் பின்பக்கம் ‘கம்ப்யூட்டரில் திருத்தியது’ என்று பென்சிலால் எழுதுங்கள். கலர் போடும்போது ஜெர்சிக்கு என்ன நிறம் என்று கூட ஆடியவர்களிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள், யாருக்கும் நினைவில்லை என்றால் கறுப்பு வெள்ளையிலேயே விடுங்கள். ஸ்டுடியோக்காரர் நீலம் அடித்தால் இன்னும் இருபது வருஷத்தில் அந்த அணி நீல ஜெர்சி அணிதான் என்று ஊரே சொல்லும்.

ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். மேலே இருக்கிற படத்தை முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு, சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் சில படங்கள் தானாக விலகும், சில விலகாமல் படலமே கழன்று வரும். அதனால் அதிகம் முக்கியமில்லாத ஒரு ஜோடியில் முதலில் முயன்று பாருங்கள்.

என் வீட்டுக்காரர் கபடி ஆடியவர், இப்போது இல்லை. அவர் கடைசியாக ஆடிய பனியன் மண் கறையோடு அப்படியே இருக்கிறது. துவைத்து வைக்கச் சொல்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. துவைக்காவிட்டால் துணி கெட்டுவிடுமா?
— வாசகி, திசையன்விளை

கெடும், அக்கா. வியர்வை உப்பும் மண்ணும் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நூலை அரிக்கும், பூச்சியும் வரும். அதே சமயம் அந்தக் கறை வெறும் அழுக்கு இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவதும் நிஜம். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிக் கோல் போட்டாரே, அந்தச் சட்டை 2022-இல் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அர்ஜென்டினா அணி கடைசி நேரத்தில் மெக்சிகோ நகரக் கடையில் வாங்கி, அவசரமாகச் சின்னம் தைத்து, எண் ஒட்டிய சட்டைகளில் ஒன்று அது. அன்றைய படங்களில் தெரிகிற சின்னச் சின்ன அடையாளங்களோடு ஒப்பிட்டுத்தான் இது அதே சட்டை என்று நிறுவினார்கள். யாராவது நல்ல எண்ணத்தில் அந்தக் கோணல் தையலைப் பிரித்து நேராகத் தைத்திருந்தால்?

உங்கள் வீட்டில் அதை விற்கப்போவதில்லை, யாருக்கும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதனால் இதில் உங்கள் மனசுதான் பெரியது, மாமியார் மனசும்தான், பெற்றவர் அவர். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு எடுங்கள். துவைப்பதானால் முதலில் கறை தெரியப் படம் எடுத்துவிட்டு, சோப்பு, பிளீச், சொட்டு நீலம் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரில் அலசுங்கள். உப்பு போய்விடும், மண் கறையில் பெரும்பகுதி நிற்கும். கிழிசலைத் தைக்க வேண்டாம், பொத்தல் பெரிதாகாமல் பின்னால் ஒரு துணி வைத்து நாலு தையல் தளர்வாகப் போட்டால் போதும். துவைக்க வேண்டாம் என்று முடிவானால், நன்றாக நிழலில் உலர்த்தி, துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். எப்படியானாலும் பிளாஸ்டிக் பை கூடாது, பாச்சை உருண்டை துணியில் படக் கூடாது. பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே துணி விட்டுவிடும்.